ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு வைட் ஆங்கிள் லென்ஸ்: கம்பெனி லென்ஸா, தேர்ட் பார்ட்டியா? செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கடையநல்லூரிலிருந்து புனலூர் வரை, மலைக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் கல்யாண வேலை எடுக்கும் புகைப்படக்காரர்களில் பலர் இப்போது ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு (பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தின் அளவுக்குச் சென்சார் உள்ளது) மாறிவிட்டார்கள். மாறிய சில மாதங்களில் அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "அண்ணாச்சி, வைட் லென்ஸைக் கம்பெனியிலேயே வாங்கிரவா, தேர்ட் பார்ட்டி போதுமா?" அகலமான காட்சியைப் பிடிக்கும் லென்ஸ்தான் வைட் லென்ஸ். கேமராவைச் செய்த நிறுவனமே செய்யும் லென்ஸை இங்கே கம்பெனி லென்ஸ் என்கிறோம். சிக்மா, டாம்ரான், சாம்யாங், வில்ட்ராக்ஸ், லாவா, டோக்கினா போன்ற நிறுவனங்கள் செய்பவை தேர்ட் பார்ட்டி லென்ஸ்கள்.

பெயரைப் பார்த்து இரண்டு முறை வாங்கி, இரண்டு முறையும் நட்டப்பட்டவன் நான். முதல் முறை, விலை மலிவு என்று ஒரு தேர்ட் பார்ட்டி லென்ஸைப் பழையதாக வாங்கினேன். அதன் இடது ஓரம் மட்டும் மங்கல் என்பது ஒரு கல்யாணத்தின் குடும்பப் படங்கள் அனைத்தையும் எடுத்து முடித்த பிறகுதான் தெரிந்தது. அடுத்த முறை, கம்பெனி லென்ஸ் என்ற நம்பிக்கையில் உள்ளே விளக்கடித்துக்கூடப் பார்க்காமல் வாங்கினேன். முன் கண்ணாடிக்குப் பின்னால் பூஞ்சை படர்ந்திருந்தது. இரண்டு முறையும் நான் பார்க்கத் தவறியது கையில் இருந்த அந்த ஒரு லென்ஸைத்தான். ஆகவே, பெயரைப் பற்றிய கேள்வியை நான்காம் இடத்துக்குத் தள்ளி வைத்து, அதற்கு முன்னும் பின்னும் தீர்க்க வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன். அந்த வரிசையில் போனால், பெயர் பற்றிய கேள்வி பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

முதல் படி: எத்தனை மில்லிமீட்டர் என்பதை அடிக்கணக்கில் முடிவு செய்யுங்கள்

ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. அதன்மேல், லென்ஸின் மில்லிமீட்டர் எண் குறையக் குறையக் காட்சி அகலும்: 24 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 84 பாகையையும், 20 மி.மீ. 94 பாகையையும், 16 மி.மீ. 107 பாகையையும், 14 மி.மீ. 114 பாகையையும் பிடிக்கும். பாகையைச் சொன்னால் கைக்குப் புரியாது. எத்தனை அடி பின்னால் போக வேண்டும் என்று கணக்கிட்டால் உடனே புரிந்துவிடும்.

தென்காசி காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரம் சுமார் 180 அடி உயரம். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து, மேலே சாய்க்காமல் மட்டமாக வைத்து, கோபுரம் சரியாமல் உச்சிக் கலசம் வரை படத்தில் வர வேண்டும் என்றால், 24 மி.மீ. லென்ஸுக்கு ஏறத்தாழ 233 அடி தள்ளி நிற்க வேண்டும். 20 மி.மீ.க்கு 194 அடி, 16 மி.மீ.க்கு 156 அடி, 14 மி.மீ.க்கு 136 அடி. 24இலிருந்து 16க்கு இறங்கும்போது 77 அடி மிச்சமாகிறது. கடைகளும் மின்கம்பங்களும் குறுக்கே வரும் சன்னதித் தெருவில் அந்த 77 அடிதான் படம் கிடைப்பதையும் கிடைக்காததையும் தீர்மானிக்கும். 16இலிருந்து 14க்கு இறங்கினால் மிச்சமாவது 20 அடி மட்டுமே. அந்த 20 அடிக்காகத்தான் முன் கண்ணாடி உருண்டையாகப் புடைத்த, ஃபில்டர் மாட்ட முடியாத, அதிக விலையுள்ள பல லென்ஸ்களுக்குக் காசு கொடுக்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள்.

கல்யாண மண்டபத்தில் கணக்கு வேறு. மணவறைமேல் 20 அடி அகலத்துக்குச் சொந்தக்காரர்கள் வரிசையாக நின்றால், 35 மி.மீ. லென்ஸுக்கு 19 அடிக்கு மேலும், 24 மி.மீ.க்கு 13 அடிக்குச் சற்று மேலும், 16 மி.மீ.க்கு ஏறத்தாழ 9 அடியும் தள்ளி நிற்க வேண்டும். இடம் இல்லை என்று 16 மி.மீ.க்குப் போனால் வரிசையின் கடைசியில் நிற்பவரின் முகம் இயல்பைவிட ஒன்றரை மடங்கு அகன்றுவிடும். 24 மி.மீ.யில் அது ஒன்றேகால் மடங்கு, 35 மி.மீ.யில் எட்டில் ஒரு பங்குதான் கூடும். நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்டும் எந்த லென்ஸும், எந்த நிறுவனம் செய்திருந்தாலும், ஓரத்தை இப்படித்தான் இழுக்கும். கம்பெனி லென்ஸ் வாங்கினால் பெரியம்மாவின் முகம் சரியாக வரும் என்று நம்பி யாரும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஓரத்தில் ஆளை நிறுத்தாமல் இரண்டு வரிசையாக நிறுத்துவதுதான் அதற்கு வழி.

உங்களிடம் ஏற்கெனவே 24-70 இருந்தால், ஒரு மாதம் அதன் 24 மி.மீ. முனையில் எடுத்த படங்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். அவற்றில் எத்தனை படங்களில் இன்னும் கொஞ்சம் பின்னால் போகத் தவித்தீர்கள் என்று எண்ணுங்கள். மண்டபத்திலும் வீட்டு விசேஷத்திலும் மட்டும் அந்தத் தவிப்பு வந்திருந்தால் 16 அல்லது 17இல் தொடங்கும் ஜூம் போதும். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலையும் பின்னணியில் மேற்குத் தொடர்ச்சி மலையையும் ஒரே படத்தில் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: லென்ஸ் அகல அகல மலை சிறுத்துக்கொண்டே போகும். அங்கே மலையைப் பெரிதாகக் காட்ட 50 மி.மீ. போன்ற நீளமான லென்ஸே சரி. அகல லென்ஸால் எடுப்பதானால் பூவின் முகத்தருகே கேமராவைக் கொண்டுபோக வேண்டும், 19 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் ஆகும் லென்ஸ் அந்த இடத்தில் மிகவும் உதவும்.

இரண்டாம் படி: எவ்வளவு வெளிச்சம் வேண்டும்

லென்ஸின் திறப்பைச் சொல்வது எஃப் எண்; எண் குறைந்தால் திறப்பு பெரிது. எஃப் 4 லென்ஸைவிட எஃப் 2.8 லென்ஸ் இரு மடங்கு ஒளியையும், எஃப் 2.8ஐவிட எஃப் 1.8 ஏறத்தாழ 2.4 மடங்கு ஒளியையும் உள்ளே விடும். அதிகாலை முகூர்த்தத்தில் ஆட்கள் அசைந்துகொண்டே இருக்கும் மண்டபத்துக்கு எஃப் 2.8 வேண்டும். அருவிக்கும் கோயில் மதிலுக்கும் முக்காலி வைத்து எஃப் 8இல் எடுப்பவருக்கு எஃப் 4 தாராளமாகப் போதும். எடையும் விலையும் குறையும்.

வானத்தை எடுக்க விரும்புபவர்கள் மட்டும் தனியாக யோசிக்க வேண்டும். நம் ஊர் 9 பாகை வட அட்சத்தில் இருப்பதால் பால்வெளியின் மையம் உச்சத்தில் 52 பாகை உயரம் வரை ஏறும். ஐரோப்பியர்கள் எங்கிருந்து பார்த்தாலும் இத்தனை உயரம் அவர்களுக்குக் கிடைக்காது. பிப்ரவரியிலிருந்து மே வரை, சாரல் தொடங்கும் முன், புளியரைப் பக்கத்து வயல்வெளியில் நின்று மேகமில்லாத இரவின் பின்சாமத்தில் அதை எடுக்கலாம். 500ஐ மில்லிமீட்டரால் வகுத்தால் நட்சத்திரம் கோடாக இழுபடாமல் எத்தனை நொடி திறந்து வைக்கலாம் என்பது கிடைக்கும் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு: 20 மி.மீ.க்கு 25 நொடி, 14 மி.மீ.க்கு 35 நொடி. இன்றைய அதிகப் பிக்சல் சென்சார்களில் அதில் பாதியை வைத்துக்கொள்வதே நல்லது. நொடி குறையும்போது ஒளியை லென்ஸ் தர வேண்டும். ஆகவே வானத்துக்கு எஃப் 4 ஜூமைவிட எஃப் 1.8 அளவுள்ள ஒற்றைக் குவிய (ஜூம் ஆகாத) லென்ஸ் மேல். சோனி 20 மி.மீ. எஃப் 1.8 ஜி. (373 கிராம்), வில்ட்ராக்ஸ் 16 மி.மீ. எஃப் 1.8 (550 கிராம்), சோனி 14 மி.மீ. எஃப் 1.8 ஜி.எம். (460 கிராம்), சிக்மா 14 மி.மீ. எஃப் 1.4 (1,170 கிராம்) ஆகியவை இந்த வகையில் வருபவை. கடைசி இரண்டின் எடையைப் பாருங்கள். பெயர் எப்படி இருந்தாலும், ஒளியைக் கூட்டுவதற்குக் கண்ணாடிதான் விலை.

மூன்றாம் படி: உங்கள் மவுண்ட் என்ன அனுமதிக்கிறது

கம்பெனியா தேர்ட் பார்ட்டியா என்ற விவாதத்தை உண்மையில் முடித்து வைப்பது இந்தப் படிதான். லென்ஸ் மாட்டும் வாயின் மின்தொடர்பு முறையை வெளியாருக்குத் திறந்துவிடுவதா, உரிமம் கொடுப்பதா, மூடி வைப்பதா என்பதைக் கேமரா நிறுவனமே தீர்மானிக்கிறது.

சோனி தன் ஈ மவுண்டின் அடிப்படை விவரங்களை 2011இலேயே பிற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. அதனால் அங்கே தெரிவு மிக அதிகம்: டாம்ரான் 17-28 எஃப் 2.8, சிக்மா 16-28 எஃப் 2.8, சிக்மா 14-24 எஃப் 2.8, 2025இல் வந்த டாம்ரான் 16-30 எஃப் 2.8 ஜி2 என்று நல்ல லென்ஸ்கள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் சோனி ஓர் எல்லையையும் வைத்திருக்கிறது: நொடிக்கு 30 படம் எடுக்கும் ஆல்ஃபா 1 போன்ற கேமராவிலும் தேர்ட் பார்ட்டி லென்ஸ் மாட்டினால் நொடிக்கு 15 படத்துக்கு மேல் போகாது. அகல லென்ஸில் நொடிக்கு 30 படம் தேவைப்படும் கல்யாணத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. வீடியோ எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஃபோகஸ் மாறும்போது படத்தின் சட்டகம் சுருங்கி விரிவதைக் கேமராவே சரிசெய்யும் வசதி 2021இல் ஆல்ஃபா 7 4ஆம் தலைமுறையுடன் வந்தது. அது சோனியின் சொந்த லென்ஸ்களோடு மட்டுமே வேலை செய்யும்.

எல் மவுண்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 2018இல் லைக்கா, பானசோனிக், சிக்மா மூன்றும் சேர்ந்தே அந்தக் கூட்டணியை அறிவித்தன. அங்கே சிக்மா வீட்டுக்காரர், விருந்தாளி அல்ல.

நிக்கான் இசட் மவுண்டில் நிலைமை இடைப்பட்டது. உரிமம் பெற்ற டாம்ரான் லென்ஸ்கள் சில உண்டு. நிக்கானின் சொந்த 14-30 எஃப் 4, 17-28 எஃப் 2.8, 14-24 எஃப் 2.8 மூன்றும் வலுவானவை. கேனான் ஆர்.எஃப். மவுண்ட்தான் மிக இறுக்கமாக வைத்திருந்தது. வில்ட்ராக்ஸ் 2022இல் தன் ஆர்.எஃப். ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை நிறுத்த வேண்டி வந்தது; 2024 ஏப்ரலில் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் உரிமத்தோடு வழி திறந்தபோதும், அறிவிக்கப்பட்டவை ஏ.பி.எஸ்.-சி. அளவுச் சிறிய சென்சாருக்கான லென்ஸ்கள். அவற்றை ஃபுல் ஃபிரேம் கேமராவில் மாட்டினால் படம் நடுப்பகுதிக்குச் சுருங்கிவிடும். கேனான்காரர்கள் கடையில் பணம் கட்டும் முன் இந்த லென்ஸ் ஃபுல் ஃபிரேமுக்கானதா என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

கேனான்காரர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதை நான் மனப்பூர்வமாகப் பரிந்துரைக்கிறேன். பழைய ஈ.எஃப். மவுண்ட் லென்ஸ்களை நிறுவனத்தின் அடாப்டர் மூலம் ஆர்.எஃப். கேமராவில் மாட்டலாம். அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் இல்லாததால் தரம் குறையாது. 2014இல் வந்த ஈ.எஃப். 16-35 எஃப் 4 எல். ஐ.எஸ். லென்ஸ் 615 கிராம் எடையும் 77 மி.மீ. ஃபில்டர் அளவும் கொண்டது. பழையதாக நல்ல நிலையில் கிடைத்தால் நம் ஊர் வேலைக்கு அதைவிட நியாயமான செலவு கிடையாது. ஈ.எஃப். மவுண்டில் தேர்ட் பார்ட்டி லென்ஸ் மாட்டுபவர்கள், கேமராவுக்குள் இருக்கும் ஓர ஒளித் திருத்தத்தை அணைத்து விடுங்கள். லென்ஸை வேறொன்றாக அடையாளம் கண்டு கேமரா தவறாகத் திருத்தி, படத்தில் வட்ட வட்டமாக நிழல் விழுவதுண்டு.

நான்காம் படி: கூடுதல் பணம் எதற்குப் போகிறது

இப்போது பெயரைப் பற்றிப் பேசலாம். வெளிவந்தபோது அமெரிக்காவில் சோனி 16-35 எஃப் 2.8 ஜி.எம்.மின் விலை 2,198 டாலர்; டாம்ரான் 17-28 எஃப் 2.8இன் விலை 899 டாலர். நிக்கான் இசட் 14-24 எஃப் 2.8 அங்கே 2,399 டாலருக்கும் சிக்மாவின் மிரர்லெஸ் 14-24 எஃப் 2.8 அங்கே 1,399 டாலருக்கும் வந்தன. நம் ஊர் விலைகள் மாறிக்கொண்டே இருந்தாலும், இந்த விகிதம் ஏறக்குறைய இங்கேயும் தெரியும்.

இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள ஒரு ஜோடியை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். 2019இல் வந்த டாம்ரான் 17-28 எஃப் 2.8இல் 11 தொகுதிகளில் 13 கண்ணாடிகள் இருக்கின்றன. ஃபில்டர் அளவு 67 மி.மீ.; 17 மி.மீ.யில் 19 செ.மீ. வரை நெருங்கலாம். 2022இல் வந்த நிக்கான் இசட் 17-28 எஃப் 2.8இலும் 11 தொகுதிகளில் 13 கண்ணாடிகள்தான்; ஃபில்டர் அளவும் நெருங்கும் தூரமும் அவையேதான். எடை முன்னதில் 420 கிராம், பின்னதில் 450 கிராம். வெளிவந்தபோது விலை 899 டாலரும் 1,199 டாலரும். ஆக, அந்த 300 டாலரில் பெரும்பகுதி கேமராவோடு அதே வீட்டு மொழியில் பேசுவதற்கும் நிறுவனத்தின் சேவைக்கும் பெயருக்குமான விலை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அது வீண் விலை என்று சொல்ல மாட்டேன். அது தேவைப்படுபவரும் உண்டு, தேவைப்படாதவரும் உண்டு.

தேவைப்படுவது யாருக்கு? கேமராவுக்குப் புதிய ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் இயங்கும் மென்பொருள்) வந்தாலோ, புது உடல் வாங்கினாலோ லென்ஸ் மறுநாளும் வேலை செய்தாக வேண்டியவர்களுக்கு. 2018இல் நிக்கான் இசட் 7 வந்தபோது, பழைய நிக்கான் மவுண்ட் லென்ஸ்களை அதில் மாட்ட உதவும் எஃப்.டி.இசட். அடாப்டரில் தன் லென்ஸ்கள் சில சரியாக இயங்கவில்லை என்று டாம்ரான் அறிவித்து, பின்னர் ஃபர்ம்வேர் கொடுத்துச் சரிசெய்தது. இடையில் இருந்த நாட்களில் கல்யாணம் வைத்திருந்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இன்றைய டாம்ரான் ஜி2 லென்ஸ்களில் யு.எஸ்.பி.-சி. துளை இருக்கிறது, சிக்மா லென்ஸ்களை ஈ மவுண்டிலும் எல் மவுண்டிலும் கேமரா வழியாகவே புதுப்பிக்கலாம். எந்த லென்ஸானாலும், முகூர்த்த வாரத்தில் கேமரா ஃபர்ம்வேரைத் தொடாதீர்கள்.

கம்பெனி லென்ஸின் இன்னொரு பலம் எதிர் வெளிச்சம். மாலையில் மேற்கே மலைக்குப் பின் சூரியன் இறங்கும்போது சாரல் துளிகள் ஒளிரும் அழகை எடுக்க, சூரியனைச் சட்டகத்துக்குள் வைத்தே ஆக வேண்டும். அப்போது கண்ணாடிப் பூச்சின் தரம் தெரியும். விலையுயர்ந்த கம்பெனி லென்ஸ்களின் பூச்சு இங்கே நன்றாக நிற்கும். இன்றைய சிக்மா, டாம்ரான் லென்ஸ்களும் பெரிதும் முன்னேறிவிட்டன. மலிவான ஒற்றைக் குவிய லென்ஸ்கள் பலவற்றில்தான் பச்சைப் பொட்டுகளும் வெளுத்த படலமும் வரும்.

கம்பெனி என்றாலே குறை இருக்காது என்று நினைப்பவர்கள் கேனான் ஆர்.எஃப். 16 மி.மீ. எஃப் 2.8 எடுத்த ரா கோப்பை (சென்சாரின் மூலப் பதிவை) திருத்தம் இல்லாமல் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். கோடுகள் பீப்பாய் போல வளைந்து, மூலைகள் கறுத்திருக்கும். மென்பொருள் அதை நேராக்கி, ஓரத்தை வெட்டி, பார்க்கத் தகுந்த படமாக்குகிறது. 165 கிராமில், குறைந்த விலையில் ஒரு லென்ஸைக் கொடுக்க அவர்கள் எடுத்த முடிவு அது. பயணத்துக்கு நல்ல லென்ஸ்தான். மறுபுறம், தேர்ட் பார்ட்டியான லாவா 15 மி.மீ. எஃப் 2 ஸீரோ-டி, மென்பொருள் உதவி இல்லாமலே கோடுகளை நேராக வைத்திருக்கும் நோக்கத்தோடு செய்யப்பட்டது. ஆனால் ஃபோகஸ் கையால்தான். சாம்யாங் 14 மி.மீ. எஃப் 2.8இன் பழைய கைஃபோகஸ் வடிவம் மீசை போன்ற வளைவுக்குப் பெயர்போனது: கோடு நடுவில் ஒரு பக்கமும் ஓரத்தில் மறுபக்கமும் வளையும். நட்சத்திரத்துக்கு அது பொருட்டில்லை. 1904இல் திறந்த கொல்லம்-செங்கோட்டைப் பாதையில், கழுத்துருட்டியில் நிற்கும் பதின்மூன்று கண் பாலத்தை அந்த லென்ஸால் எடுத்தால் பாலத்தின் மேல்விளிம்பு அலையடிக்கும். உரிய லென்ஸ் புரொஃபைல் (அந்த லென்ஸின் வளைவைத் திருத்த மென்பொருளுக்கு உதவும் கோப்பு) இல்லாமல் அதை நேராக்குவது கடினம்.

கிம்பல் (கேமராவை ஆடாமல் தாங்கும் கருவி) வைத்து வீடியோ எடுப்பவர்களுக்கு, ஜூம் செய்யும்போது நீளம் மாறாத லென்ஸ் வேண்டும்; ஒவ்வொரு முறையும் சமநிலை சரிசெய்யத் தேவையில்லை. டாம்ரான் 17-28, சிக்மா 16-28, சோனியின் 353 கிராம் எடையுள்ள பி.இசட். 16-35 எஃப் 4 ஆகிய மூன்றிலும் இது உண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவே வீடியோகாரர்களுக்கு நான் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: சாரலுக்கும் அருவிக்கும் தாங்குமா

ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக வீசத் தொடங்கிவிட்டால், குற்றாலம் பேரருவியிலும் ஐந்தருவியிலும் 91 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பாலருவியிலும் துளி படாமல் படம் எடுக்க முடியாது. எனவே நீர்த்தடுப்பு நமக்கு ஆடம்பரம் ஆகாது. அதையும் பெயரை வைத்து ஊகிக்கக் கூடாது. டாம்ரான் 17-28இல் உடல் முழுதும் ஈரத்தடுப்பும், முன் கண்ணாடியில் நீர் ஒட்டாத புளோரின் பூச்சும் உண்டு. சிக்மா 16-28 கன்டெம்பரரியில் மவுண்ட் வாயில் மட்டும் ரப்பர் வளையம். அதே சிக்மாவின் 14-24 ஆர்ட்டில் முழுத் தடுப்பு. கம்பெனி லென்ஸான கேனான் ஆர்.எஃப். 16 மி.மீ.யில் எந்தத் தடுப்பும் இல்லை. மேலே சொன்ன ஈ.எஃப். 16-35க்கு முன்னால் ஒரு ஃபில்டர் மாட்டினால்தான் தடுப்பு முழுமையாகும்.

ஃபில்டர் அளவையும் இங்கேயே பாருங்கள். அருவி நீர் பால்போல் வழிய வேண்டுமானால், 15இல் ஒரு பங்கு நொடியை 4 நொடியாக்க 6 ஸ்டாப் (ஒளியை ஆறு முறை பாதியாக்கும்) என்.டி. ஃபில்டர் வேண்டும், ஈரப்பாறையின் பளபளப்பைக் குறைக்கப் போலரைசர் வேண்டும். 67, 72, 77, 82 என்று அளவுகள் மாறும். 82 மி.மீ.யில் ஒரே ஒரு நல்ல தொகுப்பு வாங்கி, வளையம் போட்டுச் சிறிய லென்ஸ்களில் மாட்டிக்கொள்ளுங்கள். முன் கண்ணாடி புடைத்த லென்ஸுக்குப் பெரிய சதுரத் தட்டும் தாங்கியும் தேவைப்படும். அதன் விலையையும் லென்ஸ் விலையோடு கூட்டிப் பார்த்தால், மலிவு என்று நினைத்த லென்ஸ் சில நேரம் மலிவாக இருக்காது. 16 மி.மீ.யில் வானத்தோடு போலரைசர் போட்டால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலமாகும். இலையும் பாறையும் மட்டும் உள்ள படத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: பில்லும் உத்தரவாதமும்

எல்லையில் இருப்பவர்கள் திருவனந்தபுரம், கொச்சிக் கடைகளையும் யோசிக்கலாம், சென்னைக் கடைகளையும் யோசிக்கலாம். எங்கே வாங்கினாலும் இந்திய உத்தரவாத அட்டையும் லென்ஸின் வரிசை எண் எழுதிய பில்லும் இல்லாமல் வாங்காதீர்கள். தேர்ட் பார்ட்டி லென்ஸானால், பழுது வந்தால் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும், யார் கூரியர் செலவு ஏற்பார்கள் என்று வாங்கும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். ஸ்டுடியோ ஜி.எஸ்.டி. பதிவில் இருந்தால், வேறு மாநிலக் கடையில் நேரில் வாங்கும்போது வரிக் கழிவு கிடைக்குமா என்பதை முதலில் உங்கள் கணக்கரிடம் கேளுங்கள். திரும்ப விற்கும்போது கம்பெனி லென்ஸுக்கு ஆள் சீக்கிரம் கிடைப்பது என் அனுபவம்; மூன்று ஆண்டில் மாற்றும் பழக்கம் உள்ளவர்கள் இதையும் விலையில் கழித்துப் பார்க்கலாம்.

ஏழாம் படி: கையில் வந்த லென்ஸைச் சோதியுங்கள்

ஒரே பெட்டியில் வரும் ஒரே வகை லென்ஸ்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. உள்ளே ஒரு கண்ணாடி சற்றே சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கம் மங்கும்; அகல லென்ஸில் இது மிகத் தெளிவாகத் தெரியும். திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் கீழே சொல்வதை ஒரு காலையில் செய்துவிடலாம்.

தென்காசியைச் சுற்றியுள்ள காற்றாலைகள் இதற்கு மிக நல்ல குறி. காற்று அடங்கிய அதிகாலையில், குறைந்தது அரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஒரு காற்றாலையைத் தேர்ந்தெடுங்கள். வெயில் ஏறினால் வயலிலிருந்து எழும் அனல் படத்தை நெளிய வைத்து லென்ஸின்மேல் பழி போட்டுவிடும். முக்காலியில் வைத்து, நடுக்கத் தடுப்பை அணைத்து, ஐ.எஸ்.ஓ. 100இல், 2 நொடி டைமரில் எடுங்கள். காற்றாலையை நடுவில் வைத்து ஒருமுறை ஃபோகஸ் செய்து, ஃபோகஸைக் கைமுறைக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள். பிறகு முக்காலியின் தலையை மட்டும் திருப்பி, அதே காற்றாலையை நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து எடுங்கள். முழுத் திறப்பிலும் எஃப் 5.6, எஃப் 8 ஆகியவற்றிலும், ஜூமின் இரு முனைகளிலும் இதைச் செய்யுங்கள்.

கணினியில் 100 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கு மூலையும் ஒரே அளவு மென்மையாக இருந்தால், அது அந்த வடிவமைப்பின் இயல்பு. அதோடு வாழலாமா என்று முடிவு செய்யுங்கள். ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் மங்கி, எஃப் 8இலும் தெளியவில்லை என்றால், மறுநாள் காலை இன்னொரு முறை எடுத்து உறுதி செய்துகொண்டு, லென்ஸைத் திருப்பிக் கொடுங்கள். வானத்துக்காக வாங்கியவர்கள் இரவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை மூலைகளில் வைத்துப் பாருங்கள். புள்ளி பறவைச் சிறகுபோல் விரிந்தால் அது கோமா என்னும் குறை, திறப்பை ஓரிரு ஸ்டாப் குறைத்தால்தான் அடங்கும்.

பழைய லென்ஸானால், பின் மூடியைக் கழற்றி, கைபேசி விளக்கைப் பின்னாலிருந்து சாய்வாக அடித்து, முன்னாலிருந்து பாருங்கள். தூசி சில புள்ளிகள் இருந்தால் பயப்பட வேண்டாம். சிலந்தி நூல் போலவோ, பனிப்பூ போலவோ கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை; எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், உங்கள் பெட்டியில் இருக்கும் மற்ற லென்ஸ்களுக்கும் பரவும் வாய்ப்பு உண்டு.

சோதனையில் தேறிய லென்ஸைச் சாரல் காலத்தில் தோல் பைக்குள்ளோ பீரோவுக்குள்ளோ வைக்காதீர்கள். டிரை கேபினட் வாங்க முடிந்தால் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஒரு சிறிய ஈரப்பதமானி, துணிப்பையில் கட்டிய சிலிக்கா ஜெல் போதும். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடுங்கள். அருவியிலிருந்து வந்த இரவே லென்ஸைத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு மணி நேரம் உலரவிட்டு, அதன் பிறகு டப்பாவை மூடுங்கள்.